காட்டுப்பூனையைக் கூப்பிட்ட மாமா

என் மாமா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வேட்டைக்குப் போனார். அதற்குத் துப்பாக்கியோ ஈட்டியோ எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு செல்போன், ஒரு சின்ன ஸ்பீக்கர், பக்கத்து ஊரில் இரவல் வாங்கிய முயல் வலை, பத்து வயதுப் பெண்ணான நான், இவ்வளவுதான் அவருடைய படை. அந்த வேட்டையைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் பல வருடங்களாக ஒரு கதை உலவிக்கொண்டிருக்கிறது. அதைப் பரப்பியவள் நான்தான். அதில் பாதி பொய் என்பது மாமாவுக்கும் அத்தைக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விஜயபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் நிலத்தை ஒட்டியே ஒரு வீடும் இருந்தன. வேலை ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில். ஷிப்டு நேரத்துக்குக் கம்பெனி பஸ் வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். மாமா பாதி டிபனோடு வரப்பில் ஓடிப்போய் ஏறிக்கொள்வார். நாங்கள் நகரியில் இருந்தோம். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், வீட்டிலேயே நான்கு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்கள் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதனால் மாமா வீட்டுக்குப் போன முதல் இரண்டு நாள் எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அவ்வளவு அமைதி.

அத்தை ஏர்பேடு பக்கத்துப் பெண். தெலுங்கு பேசி வளர்ந்தவர். கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவசரம் வந்துவிட்டால் தெலுங்குதான் முன்னால் வந்து நிற்கும்.

அந்த வருடம் மார்கழியில் அத்தைக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அத்தைக்கு அம்மா இல்லாததால் என் அம்மாதான் கூடப் போய் இருந்தார். ஒரு வாரம் கழித்து அம்மா நகரிக்குத் திரும்பியபோது நான் கேட்ட முதல் கேள்வி, பாப்பாவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது. அம்மா என்னைத் தறிச் சத்தம் எட்டாத தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாப்பா சாமியிடம் போய்விட்டது, அத்தையிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது என்றார். நான் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. கேட்கக்கூடாது என்றால் நினைக்கவும் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். அதில் நான் முழு வெற்றி பெற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சங்கராந்தி லீவு விட்டதும் அம்மா என்னை மாமா வீட்டுக்கு அனுப்பினார்.

"அத்தைக்குத் தொணையா இரு. எதனா பேசிக்கினே இரு" என்றார்.

பேசுவது எனக்குப் பிடித்த வேலை. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்காருகிற பெண்ணைப் பற்றி, நைனாவின் தறியில் அறுந்துபோன பெல்ட்டைப் பற்றி, நகரி ஸ்டேஷனில் நிற்காமல் போகிற ரயில்களைப் பற்றி, எல்லாம் பேசினேன். அத்தை கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் நான் பேச்சை முடித்து ஐந்து நிமிடம் ஆன பிறகு "ம்" என்பார்.

அந்த நாட்களில் அத்தை மனம் வைத்துச் செய்தது ஒரே ஒரு காரியம்தான். அவரிடம் ஒரு பெட்டைக்கோழியும் அது பொரித்த குஞ்சுகளும் இருந்தன. பொழுது சாய்ந்ததும் கூடையைக் கவிழ்ப்பதற்கு முன் குஞ்சுகளை விரலால் தொட்டுத் தொட்டுத் தெலுங்கில் எண்ணுவார். நான் போன அன்று ஒன்பது இருந்தன. மறுநாள் எட்டு. அதற்கு மறுநாள் இன்னும் ஒன்று குறைந்தது, தாய்க்கோழியும் வரவில்லை. தேடிப் போனபோது வேலி ஓரமாக இறகுகள் மட்டும் கிடந்தன. காட்டுப்பூனையின் வேலை என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார். நாய்க்குட்டி உயரம் இருக்கும், இரண்டு நாளாக இந்தப் பக்கம் நடமாடுகிறது, நானே பார்த்தேன் என்றார்.

அத்தை அழவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. மீதமிருந்த ஏழு குஞ்சுகளையும் மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். விளக்குப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்னிடமும் பேச விஷயம் இல்லை. மாமா ஷிப்டு முடிந்து வந்து, கையில் சாப்பாட்டுப் பையோடு எங்களைப் பார்த்தபடி நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். மாமா என்னைப் பார்க்காமல் அத்தையையே பார்த்துக்கொண்டு, "அந்தப் பூனைய நான் வுட மாட்டேன்" என்றார்.

ஒரு கோழிக்காக மாமாவுக்கு இவ்வளவு கோபம் வருமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. லீவில் ஏதோ நடக்கப்போகிறது.

மாமாவுக்கு வேட்டை தெரியாது. எலிப்பொறி வைத்தால்கூட இரண்டில் ஒரு தடவை அவருடைய விரல்தான் மாட்டும். ஆனால் அப்போதுதான் அவர் பெரிய டச் போன் ஒன்று வாங்கியிருந்தார். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதில் வீடியோ பார்ப்பார். உலகத்தில் எந்த வேலையையும் யாரோ ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டிருப்பார் என்று அவருக்கு நம்பிக்கை. மறுநாள் சாயங்காலம் என்னை மோட்டார் ரூம் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு வீடியோ காட்டினார்.

எங்கேயோ வெளிநாடு. தரையெல்லாம் வெள்ளையாகப் பனி. முகத்தில் பச்சையும் கறுப்பும் பூசிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரர் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்திருந்தார். அதில் அடிபட்ட முயல் அழுகிற சத்தம் வருமாம். முயல் அழுகிறது, சுலபமாகத் தின்றுவிடலாம் என்று காட்டுப்பூனை தேடிக்கொண்டு வருமாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதருக்குள்ளிருந்து, உடம்பெல்லாம் புள்ளி போட்ட, வால் மொட்டையான ஒரு பூனை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தது.

"சவுண்டு வெய் மாமா" என்றேன்.

"இங்க வேணாம்" என்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பூனைக்குக் கேட்டு உஷாராகிவிடும் என்பதற்காகத்தான் என்று நான் நினைத்தேன்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. "மாமா, அது அவுங்க ஊரு பூன. நம்மூரு பூனைக்கு அவுங்க ஊரு முயலு அழுவறது புரியுமா?"

மாமா சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். "எந்த ஊரு முயலா இருந்தா இன்னா கண்ணு. வலிச்சா எல்லாம் ஒரே மாரிதான் கத்தும்."

"புடிச்சா கொன்னுடுவியா?"

"கொன்னா பாரஸ்ட்டுக்காரங்க கேஸ் போட்டுடுவாங்க. கோணியில கட்டி வண்டில எடுத்துகினு போயி மலையாண்ட வுட்டுடலாம்."

ஓடுகிற வண்டியில் பூனை இருக்கிற கோணியை யார் பிடித்துக்கொள்வது என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் வண்டியில் பின்னால் உட்காருகிறவள் நான் ஒருத்திதான்.

முயல் சத்தத்தை முதன்முதலாக ஏரிக்கரையில்தான் கேட்டேன். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மாமா என்னை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனார். மெல்ல ஒரு கீச்சுக் குரலில் ஆரம்பித்தது. பிறகு வீறிட்டது. நடுவில் மூச்சு வாங்கி, விம்மி, மறுபடி வீறிட்டது.

"பாப்பா அழுவற மாரி கீது மாமா."

சத்தத்தை நிறுத்தப் போன மாமா நிறுத்தாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஊர் நாய்கள் நான்கு ஓடி வந்துவிட்டன. மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று, யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் மாமா, அத்தை ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்றார். பூனையைப் பிடித்துவிட்டு ஒரேயடியாகக் காட்டி அத்தையை அசத்தப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அதாவது, புரிந்ததாக நினைத்தேன்.

அப்படி ஒரு நாளும் வந்தது. அந்த வருடம் மாமா வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. பண்டிகை நாளில் அடுப்புப் பற்ற வைக்காத வீட்டில் தங்கச்சி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று, போகிக்கு முதல் நாள் அத்தையின் அண்ணன் வந்து அவரை ஏர்பேடு கூட்டிக்கொண்டு போனார். கனுமாவுக்கு, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு, மறுநாள் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. என்னையும் நகரியில் விட்டுவிடுவதாக மாமா சொன்னார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். நகரியில் பொங்கல், கரும்பு, புதுப் பாவாடை எல்லாம் இருந்தது. பூனை இல்லை.

சங்கராந்தி அன்று மதியத்திலிருந்தே வேலையில் இறங்கினோம். நிலத்தின் கடைசியில், கரட்டுப் பக்கமாக, முள்வேலியில் ஒரு சந்து இருந்தது. பூனை வருவதும் போவதும் அதன் வழியாகத்தான். ஈர மண்ணில் அதன் கால் பதிந்திருந்தது. மாமா அந்தச் சந்துக்கு மேலே வலையைச் சுருட்டிக் கட்டி, கயிற்றை மோட்டார் ரூம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். கயிற்றைச் சுண்டினால் வலை அவிழ்ந்து பொத்தென்று விழ வேண்டும். ஆறு தடவை சுண்டிப் பார்த்தோம். நான்கு தடவை விழுந்தது. வேலிக்கு உள்ளே, சந்துக்கு நேராக, வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் ஸ்பீக்கரை வைத்தார். அதன் மேல் கோழி இறகு போட்டு மறைத்தது என்னுடைய யோசனை. போன் என் கையில். மாமா கை காட்டினால் நான் பட்டனை அமுக்க வேண்டும்.

வெயில் இறங்கியது. நாங்கள் மோட்டார் ரூம் சுவரை ஒட்டிக் குந்திக்கொண்டோம். மாமா தலையில் பழுப்பு நிறப் போர்வையைப் போர்த்தியிருந்தார், வெள்ளைக்காரர் முகத்தில் பூசியிருந்ததற்குப் பதிலாக. ஊருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த மைக் செட் பாட்டு நின்றதும் மாமா கை காட்டினார். நான் அமுக்கினேன்.

முயல் அழத் தொடங்கியது. ஏரிக்கரையில் கேட்டதைவிடப் பெரிதாக, கடலைக்காடு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. நான் வேலியில் இருந்த சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இமைத்தால் பூனை வந்துபோய்விடும் என்று பயம். மொத்தம் மூன்று நிமிடம் ஓடுகிற சத்தம் அது. பாதிக்கு மேல் ஓடியிருக்கும். எங்களுக்குப் பின்னால் வரப்பில் தடதடவென்று யாரோ ஓடி வருவது கேட்டது.

அத்தை வந்துகொண்டிருந்தார். ஏர்பேட்டில் இருக்க வேண்டியவர், முந்தானையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் வரப்பில் ஓடி வந்தார். எங்களைத் தாண்டித்தான் போனார். எங்களைப் பார்க்கவில்லை. நேராகக் கடலைச் செடிகளுக்குள் இறங்கி, முட்டி போட்டு, இரண்டு கையாலும் செடிகளை விலக்கி விலக்கித் தேடினார்.

"எக்கட உன்னாவு கன்னா" என்று கேட்டுக்கொண்டே தேடினார். எங்கே இருக்கிறாய் கண்ணே என்று. கத்தவில்லை. அழுகிற பிள்ளையிடம் இதோ வந்துவிட்டேன் என்று சொல்வது போல, தணிந்த குரலில் கேட்டார். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்து சத்தம் நின்றுவிட்டது. அத்தையின் கைகள் நிற்கவில்லை.

மாமா கயிற்றைப் பிடித்தபடியே எழுந்து நின்றார். போர்வை தலையிலிருந்து நழுவியது.

என் மனதில் அப்போது ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில், வேட்டை கெட்டுப்போயிற்றே என்று ஆத்திரம். அடுத்து, ஒரு பெரிய மனுஷியே ஏமாந்துபோகிற அளவுக்கு எங்கள் முயல் நன்றாக அழுகிறதே என்று பெருமை. அத்தை வீணாகத் தேடுகிறாரே, உண்மையைச் சொல்லிவிட்டால் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரிடம் ஓடினேன்.

"அத்த, அது நெஜம் இல்ல அத்த. போனு. இங்க பாரு" என்று பட்டனை மறுபடி அமுக்கினேன்.

ஸ்பீக்கர் அத்தையின் கைக்குப் பக்கத்திலேயே வீறிட்டது. அத்தையின் கைகள் அப்படியே நின்றன. பிறகு மேலே கிடந்த இறகுகளை ஒதுக்கினார். சொம்பு அளவில் கறுப்பாக உருண்டையாக இருந்த ஸ்பீக்கரை எடுத்துப் பார்த்தார்.

"நிறுத்து கண்ணு" என்று பின்னாலிருந்து மாமா சொன்னார்.

நான் நிறுத்துகிற பட்டனைத் தேடினேன். அத்தை என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி, "உண்டனி" என்றார். இருக்கட்டும் என்று அர்த்தம். மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையை அதன் மேல் போட்டுக்கொண்டு, அழுகிறதைக் கேட்டார். அவருடைய ரவிக்கை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து, ஈரம் பரவிக்கொண்டிருந்தது. வழியில் தண்ணீர் குடிக்கும்போது சிந்திக்கொண்டார் போல என்று நினைத்தேன்.

அப்போதுதான் பூனை வந்தது.

அது எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது சந்தில், வலைக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தது. மணல் நிறம். வீட்டுப் பூனையைவிடக் காலெல்லாம் நீளம். காது நுனியில் கறுப்பு மயிர் விறைத்துக்கொண்டு நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, மடியில் முயலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தது. அத்தையும் அதைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை.

நான் மாமா பக்கம் திரும்பி, இழு, இழு என்று கையால் சாடை காட்டினேன். கயிறு மாமாவின் கையில்தான் இருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் போதும். மாமா பூனையைப் பார்க்கவே இல்லை. அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முயல் அழுது முடித்தது. பூனை தூக்கிய காலைக் கீழே வைத்தது. திரும்பி, அவசரமே இல்லாமல் கரட்டுப் பக்கம் போய்விட்டது.

"இதி ஏமி பாப்பா" என்று அத்தை என்னிடம் கேட்டார், கையில் இருந்ததைக் காட்டி.

"முயலு அத்த. அடிபட்ட முயலு. பூனைய கூப்புட்றதுக்கு."

"முயலா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம்" என்றார். ஸ்பீக்கரை என்னிடம் கொடுத்தார்.

மாமா கயிற்றை உதறிக் கீழே போட்டார். யாரும் இல்லாத சந்தில் வலை பொத்தென்று விழுந்தது. இந்தத் தடவை சரியாக விழுந்தது. மாமா வரப்பில் நடந்துபோய், அத்தை ஓடி வரும்போது போட்டுவிட்ட பையை எடுத்து வந்தார். செருப்பு ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று வெகுதூரத்திலும் கிடந்தன. இரண்டையும் தேடி எடுத்து வந்து அத்தையின் காலடியில் வைத்தார். அத்தை அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டார். நான் மட்டும் வீடு வருகிற வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தேன். நேரா நின்னுச்சு மாமா, வலைக்குக் கீழயே நின்னுச்சு, இன்னா மாமா நீ. மாமா "ஆமா கண்ணு, ஆமா" என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை முகம் கழுவி வேறு சேலை மாற்றிக்கொண்டு, எனக்கு உப்புமா கிளறிக் கொடுத்தார்.

லீவு முடிந்து மாமா என்னை வண்டியில் நகரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"ஊட்ல, அத்த வந்தத சொல்லாத கண்ணு."

"பின்ன இன்னா சொல்றது?"

"பூன வந்துச்சி, மாமா கயித்த வுட்டுட்டான்னு சொல்லு."

"அது பொய்யி."

"பாதிதான் பொய்யி. வந்துச்சி இல்ல. நான் வுட்டுட்டேன் இல்ல."

அத்தை வேட்டையைக் கெடுத்ததற்கு யாரும் அவரைக் குறை சொல்லக்கூடாது என்று மாமா பார்க்கிறார். எனக்கு அது அநியாயமாகத் தோன்றியது. ஆனாலும் சரி என்றேன்.

"நீ பட்டன அமுத்துனதும் சொல்லாத" என்றார்.

"ஏன் மாமா? நான் கரெக்டாதான் அமுத்துனேன். ரெண்டு தபா."

மாமா என் தலையில் கையை வைத்தார். ரயில் போகிற சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. கேட் திறந்ததும் வண்டியைக் கிளப்பினார்.

நான் வாக்குத் தவறவில்லை. நகரியில் கதையை அவர் சொன்னபடியே சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னதால் தெருவுக்கே கேட்டது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பூனை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது, மாமா கொஞ்சம் பயந்தாங்கொள்ளி ஆகிக்கொண்டே போனார். கடைசியில் பூனை உறுமியதாகவும் மாமா கயிற்றைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டதாகவும் ஆகிவிட்டது. தறி ஓட்டுகிறவர்கள் அவருக்குப் பூனை மச்சான் என்று பெயர் வைத்தார்கள். நைனா அவரைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மச்சான், பூன நல்லா கீதா" என்பார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். கல்யாண வீடுகளில் அத்தை பக்கத்தில் இருக்கும்போதே நான் அந்தக் கதையை நடித்துக் காட்டியிருக்கிறேன். அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்.

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது சித்தியின் மகள் பிரசவம் முடிந்து எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். ஒரு நாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கீழே குழந்தை அழுத சத்தத்துக்கு, கையில் இருந்த ஈரத்துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினாள். அவளுடைய ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. அவளை வழியில் பார்த்த எனக்கு மாடிப்படியிலேயே கால் நின்றுவிட்டது. அன்று ராத்திரி அம்மாவிடம், அந்தச் சங்கராந்திக்கு அத்தை ஏன் ஏர்பேட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார் என்று மட்டும் கேட்டேன். அங்கே அண்ணன் வீட்டில் கைக்குழந்தை இருந்ததாம். அத்தை போனதிலிருந்து அதை உள்ளறையிலேயே வைத்துக்கொண்டார்களாம். அத்தை யாரிடமும் சொல்லாமல் மத்தியானப் பஸ் ஏறிவிட்டாராம். பஸ் இறங்கி அவர் தனியாக நிலத்து வழியாக நடந்து வந்த நேரத்தில்தான் நாங்கள் முயலை அழவைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு அத்தை இருக்கிற இடத்தில் நான் அந்தக் கதையைச் சொன்னதில்லை. இவ்வளவு புரிந்துகொண்டேனே, இனி அந்தச் சாயங்காலத்தில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நானும் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறேன். லீவுக்கு நகரி போகிறேனோ இல்லையோ, மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். மாமாவுக்கும் அத்தைக்கும் அப்புறம் ஒரு மகள் பிறந்தாள். மூன்றாவது படிக்கிறாள். இந்தச் சங்கராந்திக்குப் போனபோது எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து, ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல, அவள் அவளுடைய அப்பாவிடம் கேட்டாள்.

"நைனா, நீ பூனைக்கு பயந்துகினு கயித்த வுட்டுட்டியாமே?"

மாமா வழக்கம் போலத் தலையைச் சொறிந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தைதான் பேசினார். மொச்சைத் தோலை ஒதுக்கிக்கொண்டே, அவசரமில்லாமல் சொன்னார். "பயந்துகினுலாம் இல்ல. உனக்கு முன்னாடி ஒரு பாப்பா இருந்துச்சி. அது போயிட்ச்சி. அப்போ உங்க நைனா ஸ்பீக்கர்ல முயலு அழுவற சத்தம் வெச்சாரு, பூனைய கூப்புட. நான் பஸ் எறங்கி வந்துகினு இருந்தேன். நம்ம பாப்பாதான் அழுவுதுன்னு நெனச்சி ஓடினேன். போயி பாத்தா ஸ்பீக்கரு. அத எடுத்து மடியில வெச்சிகினேன். பூன வந்துச்சி, என்ன பாத்துச்சி, போயிட்ச்சி. உங்க நைனா என்னையே பாத்துகினு நின்னாரு. கயித்த எங்க இழுக்கறது."

மகள், பூனை என்ன நிறம் என்று கேட்டாள். அத்தை மணல் நிறம் என்று சரியாகச் சொன்னார்.

நான் கையில் இருந்த மொச்சையைப் பிதுக்காமல் வைத்திருந்தேன். அத்தை சொன்னதில் எல்லாம் இருந்தது. பஸ், வரப்பு, ஸ்பீக்கர், பூனையின் நிறம்கூட. முயல் மட்டும் அதில் ஒரே ஒரு தடவைதான் அழுதது.

நான் நிமிர்ந்தபோது மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே மொச்சைக்குள் கண்ணைத் திருப்பிக்கொண்டார். நான் இரண்டாவது தடவை அமுக்கியதை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் எப்போதாவது பேசி வைத்துக்கொண்டார்களா, இல்லை பேசாமலே இத்தனை வருடம் விட்டு வந்தார்களா, எனக்குத் தெரியாது. ரயில்வே கேட்டில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, கரெக்டாகத்தான் அமுக்கினேன், இரண்டு தடவை அமுக்கினேன் என்று மாமாவிடம் வாதாடிக்கொண்டிருந்த பத்து வயதுப் பெண்ணுக்கு, விட்டுவிட்டுச் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்றுதான் விளங்கவில்லை.